பல்கலைக்கழகப் பேரவையில் மாணவருக்கு இடம்: மனுவில் எதைக் கேட்பது?

கேள்வி
எழுதியவர்: மூன்றாம் வருடத்தாள்

இலங்கையின் அரச பல்கலைக்கழகமொன்றில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். பல்கலைக்கழகத்தை நிருவகிக்கும் உயர் சபையான பேரவையில் மாணவர்களுக்கும் உறுப்புரிமை வேண்டும் என்று கோரும் மனுவொன்றை எங்கள் பீட மாணவர் ஒன்றியம் தயாரிக்கிறது. முதல் வரைவை எழுதும் வேலை என் தலையில் விழுந்துள்ளது. விடுதி இடம் ஒதுக்கும் விதிகள் சென்ற தவணையில் மாற்றப்பட்டன. பேரவை அந்த முடிவை எடுத்து இரண்டு கிழமைகள் கழிந்த பின்னரே அறிவித்தற் பலகையில் கண்டு நாங்கள் அதை அறிந்துகொண்டோம். அதற்குள் தூர இடங்களிலிருந்து வரும் மாணவிகள் சிலர், விடுதி கிடைக்கும் என்று நம்பி, பார்த்து வைத்திருந்த வெளி அறைகளைக் கைவிட்டிருந்தார்கள். மனு தொடங்கியது அங்கிருந்துதான்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு எவ்வளவு தெரியாது என்பது விளங்கியது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தை எடுத்து வாசித்தேன். பேரவையில் துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவை (கல்வி விடயங்களுக்கான உயர் சபை) தெரிவு செய்யும் இருவர் ஆகியோரோடு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியாரும் இருக்கிறார்கள். மாணவருக்கு அங்கே இடமில்லை. ஆனால் அதே சட்டம் பீடச் சபையில் மாணவர் இருவருக்கு இடம் கொடுத்திருக்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? சட்டத்தைத் திருத்தாமல் பேரவைக்குள் நுழைய வழி உண்டா? வேறு நாடுகளில் மாணவர்கள் ஆளுகைச் சபைகளில் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்கள் அங்கிருந்து எதையாவது சாதித்தார்களா, அல்லது படம் எடுக்கும்போது மட்டும் முன்வரிசையில் நிறுத்தப்பட்டார்களா? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.


பதில் 1
எழுதியவர்: பழைய பீடச் சபைக்காரன்

தங்கச்சி, நான் ஒரு வருடம் பீடச் சபையில் மாணவ உறுப்பினராக இருந்தவன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. உங்களுடைய கடைசிக் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதல் கூட்டத்துக்குப் போனபோது மேசையில் நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஆவணக் கட்டு இருந்தது. விரிவுரையாளர்களுக்கு அது முன்னரே கிடைத்திருந்தது. எங்கள் இருவருக்கும் அன்று காலைதான் தந்தார்கள். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இருந்ததாக நான் நினைக்கவில்லை, மாணவ உறுப்பினருக்கும் ஆவணம் அனுப்ப வேண்டும் என்று அந்தப் பணிமனையில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை, அவ்வளவுதான். பாடத்திட்ட மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு பாட அலகுக்கு முன்தேவையாக வேறோர் அலகை வைக்கும் யோசனை வந்தபோது, அந்த இரண்டும் நேர அட்டவணையில் ஒரே வேளையில் நடப்பதால் மீளெழுதும் மாணவர் எவரும் இரண்டையும் ஒன்றாக எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது; அறையிலிருந்த வேறு யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஆனால் அந்த விடயம் நிகழ்ச்சி நிரலில் எங்கே வருகிறது என்று நான் பக்கம் புரட்டித் தேடிக்கொண்டிருந்தபோதே ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டார்கள். பரீட்சை தொடர்பான விடயங்கள் வந்தபோது எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். அது நியாயமானதுதான்.

நான்காவது கூட்டத்திலிருந்து நிலைமை மாறியது. நானும் மற்ற மாணவ உறுப்பினரும், கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னர் பீடாதிபதியின் பணிமனைக்குப் போய் ஆவணக் கட்டைக் கேட்டு வாங்கத் தொடங்கினோம். ஒவ்வொரு வருடத்திலிருந்தும் ஒருவரைக் கூப்பிட்டு வைத்து வாசித்தோம். அந்த வருடம் முடிவதற்குள் ஆய்வுகூட நேரங்களை மாற்றச் செய்தோம், ஒப்படைகளின் கடைசித் திகதிகள் ஒரே கிழமையில் குவியாதபடி ஒழுங்கு செய்யச் செய்தோம். சிறிய விடயங்கள்தான், ஆனாலும் மாணவர் சொல்லித்தான் அவை நடந்தன. எங்களுக்குப் பிறகு வந்த இருவருக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க வாய்ப்பிருக்கவில்லை. தேர்தல் தள்ளிப்போய், பல மாதங்கள் அந்த இரண்டு கதிரைகளும் வெறுமையாகவே இருந்தன.

ஆகவே பேரவையைக் கேட்பதற்கு முன்னர், உங்கள் பீடச் சபையில் இப்போது மாணவர் இருவர் இருக்கிறார்களா, அவர்கள் கடைசியாக எப்போது பேசினார்கள் என்று கூட்டக் குறிப்புகளைப் பாருங்கள். கையிலிருக்கும் இடத்தைப் பயன்படுத்தாதவர்கள் மேலும் ஓர் இடம் கேட்பது ஏன் என்ற கேள்வி கட்டாயம் வரும்.


பதில் 2
எழுதியவர்: ஓய்வுபெற்ற உதவிப் பதிவாளர்

மகளுக்கு என் வணக்கம். பேரவைக் கூட்டங்களுக்கு ஆவணங்கள் அடுக்கிக் கொடுத்து இருபது வருடங்களுக்கு மேல் கழித்தவன் என்ற வகையில், பேரவை எப்படி அமைகிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் சொல்கிறேன். அந்தக் கணக்கு விளங்கினால் உங்கள் மனுவின் பாதி எழுதப்பட்டது போலத்தான்.

ஆறு பீடங்கள் கொண்ட ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதித் துணைவேந்தரோ தனி வளாகமோ இல்லை என்று வையுங்கள். துணைவேந்தர் ஒருவர், பீடாதிபதிகள் ஆறு பேர், மூதவையிலிருந்து தெரிவாகும் இருவர், ஆக ஒன்பது பேர் உள்ளிருந்து வருகிறார்கள். மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளி உறுப்பினர்களின் தொகை, அதைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. எனவே அவர்கள் பத்துப் பேர். மொத்தம் பத்தொன்பது. வெளியார் ஒரே நிலைப்பாட்டில் நின்றால் உள்ளிருப்பவர்கள் அனைவரும் சேர்ந்தாலும் தோற்பார்கள். சட்டத்தை வரைந்தவர்கள் அந்த ‘ஒன்றை’ யோசிக்காமல் வைக்கவில்லை. அரச பணத்தில் நடக்கும் நிறுவனத்தை அங்கே சம்பளம் வாங்குபவர்கள் மட்டும் ஆளக்கூடாது என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். அந்த எண்ணம் தவறானதல்ல. ஆனால் அதனால் பயன்பெற வேண்டிய மாணவர், சம்பளம் வாங்குபவருமில்லை, வெளியாருமில்லை என்பதால் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே விழுந்துவிட்டார். பீடச் சபை கல்வி விடயங்களை ஆராயும் இடம் என்பதால் அங்கே மாணவரைச் சேர்ப்பதில் சட்டத்துக்குத் தயக்கம் இருக்கவில்லை. பணமும் நியமனமும் ஒழுக்காற்றும் உள்ள மேசைக்கு வந்தபோது தயங்கியது. முதற்கேள்விக்கு என்னால் சொல்லக்கூடிய விளக்கம் இதுவே.

வெளி உறுப்பினர் பட்டியலில் ஒரு மாணவரை ஆணைக்குழு நியமிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கல்வி, தொழில், வர்த்தகம், நிர்வாகம் போன்ற துறைகளில் சிறந்த சேவையாற்றியவர்களையே அந்த வரிசையில் நியமிக்கலாம் என்பதால், படித்துக்கொண்டிருக்கும் ஒருவரை அங்கே வைப்பது சட்டத்தை வளைப்பதாகிவிடும். வாக்குரிமையுள்ள உறுப்புரிமைக்குப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். ஆனால் ஒரு குறிப்பிட்ட விடயத்துக்காக மாணவர் ஒன்றியத்தின் தலைவரைக் கூட்டத்துக்கு அழைத்து, அவர் சொல்வதைக் கேட்டு, பின்னர் அவரை அனுப்பிவிட்டு முடிவெடுப்பதைப் பேரவை நினைத்தால் நாளைக்கே செய்யலாம். விடுதி, சிற்றுண்டிச்சாலை, மாணவர் நலன் போன்றவற்றுக்கான குழுக்களில் மாணவரைச் சேர்ப்பதும் அப்படித்தான்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். துணைவேந்தர் பதவிக்கு மூன்று பெயர்களைத் தெரிவு செய்து அனுப்புவது பேரவை. ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் அவர்களில் ஒருவரை நியமிப்பது சனாதிபதி. பேரவையில் ஒரு மாணவ வாக்கு என்பது, அடுத்த துணைவேந்தர் யார் என்பதிலும் ஒரு வாக்காகும். விடுதிக்காகக் கேட்கிறோம் என்று நீங்கள் எழுதினாலும், வாசிப்பவர்கள் இதைத்தான் முதலில் நினைப்பார்கள்.


பதில் 3
எழுதியவர்: ஸ்காபரோவாசி

என் பிள்ளைகள் இருவரும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் படித்தவர்கள் என்பதால் அங்குள்ள ஏற்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். 1971இல் ஒன்ராறியோ சட்டசபை நிறைவேற்றிய சட்டத்தின்படி, முன்னர் தனித்தனியாக இருந்த ஆளுநர் சபையும் மூதவையும் ஒன்றாக்கப்பட்டு ஐம்பது பேர் கொண்ட ஒரே ஆளுகைப் பேரவை அமைக்கப்பட்டது. அந்த ஐம்பதில் எட்டு இடங்கள் மாணவருக்குரியவை: முழுநேர இளமாணிப் பட்டப் படிப்பிலிருந்து நால்வர், பகுதிநேரப் படிப்பிலிருந்து இருவர், பட்டப்பின் படிப்பிலிருந்து இருவர். ஆசிரியர்களுக்குப் பன்னிரண்டு, பழைய மாணவர்களுக்கு எட்டு, மாகாண அரசு நியமிப்பவர்களுக்குப் பதினாறு. பகுதிநேர மாணவருக்கென்று தனியாக இடம் ஒதுக்கியது எனக்குப் பிடித்த அம்சம். பகலில் வேலை செய்து இரவில் படிப்பவருடைய சிக்கல் விடுதியில் தங்கிப் படிப்பவருக்குத் தெரியாது.

எட்டு வாக்குகளால் ஐம்பது பேர் உள்ள சபையில் எதையும் தடுக்க முடியாது என்பது உண்மைதான். கட்டண உயர்வுகளை அங்கே மாணவர்கள் தடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எட்டுப் பேர் இருந்தால் ஒருவருக்கு வரவு செலவு விளங்கும், ஒருவருக்குக் கட்டட ஒப்பந்தம் விளங்கும், ஒருவர் பரீட்சைக் காலத்தில் வராவிட்டாலும் மற்றவர் வருவார். தனி ஒருவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

தனி ஒருவர் இருப்பதற்குக் கலிபோர்னியா நல்ல எடுத்துக்காட்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆளுநர் குழுவில் மாணவர் ஒருவரைச் சேர்க்க 1974இல் வாக்காளர்கள் மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள். அடுத்த வருடம் முதல் மாணவ உறுப்பினர் பதவியேற்றார். வாக்குரிமையுள்ள இருபத்தாறு பேரில் அவர் ஒருவர். மாநில ஆளுநர் நியமிக்கும் பதினெட்டுப் பேருடைய பதவிக்காலம் பன்னிரண்டு வருடங்கள், மாணவருடையது ஒரு வருடம். 2009 நவம்பரில் கட்டணத்தை 32 விழுக்காடு உயர்த்தும் தீர்மானம் வந்தபோது அந்த மாணவ உறுப்பினர் எதிர்த்து வாக்களித்தார், தீர்மானம் நிறைவேறியது. ஆனாலும் அங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. தெரிவானவர் முதல் வருடம் வாக்கில்லாமல் கூட்டங்களில் அமர்ந்து வேலையைப் பழகுகிறார். வாக்கு கிடைப்பது இரண்டாம் வருடத்தில். மேலே பழைய பீடச் சபைக்காரன் எழுதிய துன்பத்துக்கு அதுவே மருந்து. குறை என்னவென்றால், மாணவ அமைப்புகள் வடிகட்டித் தரும் பெயர்களிலிருந்து இறுதியில் ஒருவரைத் தெரிவு செய்வது அந்த ஆளுநர் குழுவேதான். தன் மேசைக்கு வரும் எதிர்க்குரலைத் தானே தெரிவு செய்யும் சபை எப்படிப்பட்ட குரலை விரும்பும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.


பதில் 4
எழுதியவர்: விரிவுரையாளர் ஒருவர்

எல்லோரும் ஒரு பக்கமாகவே எழுதுவதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். பேரவை ஒழுக்காற்று விடயங்களில் இறுதி முடிவெடுக்கும் இடம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் இருந்தும் முறைப்பாடு செய்ய முதலாம் வருட மாணவர்கள் பயப்படுகிறார்கள். பகிடிவதையில் ஈடுபட்டவரைப் பற்றிய விசாரணை அறிக்கை பேரவைக்கு வரும்போது, அவருடைய நண்பர்களின் வாக்கால் தெரிவான ஒருவர் அந்த மேசையில் இருந்தால், முறைப்பாடு செய்த பிள்ளையின் பெயர் மாலைக்குள் விடுதிக்குப் போகாது என்று யார் உத்தரவாதம் தருவது? அத்தோடு எங்கள் மாணவர் ஒன்றியங்களில் கட்சி அரசியல் எவ்வளவு புகுந்திருக்கிறது என்பது இங்கே எழுதும் அனைவருக்கும் தெரியும். மாணவருக்கென்று கொடுக்கும் இடம் ஒரு கட்சியின் இடமாகிவிடும்.


மூன்றாம் வருடத்தாள் எழுதுகிறார்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்ன பத்தொன்பது பேர்க் கணக்கை ஒன்றியக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அதுவரை பேரவை என்றால் துணைவேந்தரும் பேராசிரியர்களும் மட்டுமே என்று எண்ணியிருந்தவர்களே அதிகம். பீடச் சபையையும் விசாரித்தேன். மாணவருக்குரிய இரண்டு இடங்களில் ஒன்று பத்து மாதங்களாக வெறுமையாக இருக்கிறது. மற்றவர் இரண்டு கூட்டங்களுக்குப் போயிருக்கிறார். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

விரிவுரையாளர் அவர்கள் எழுப்பிய பகிடிவதைக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முதலாம் வருடத்தில் நானும் முறைப்பாடு செய்யப் பயந்தவள்தான். அப்படியொரு மேசையில் எங்கள் ஒன்றியத் தலைவர் இருந்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கோரிக்கையையே கைவிட வேண்டுமா?


பதில் 5
எழுதியவர்: வழக்குரைஞர், சென்னை

கைவிடத் தேவையில்லை, கோரிக்கையைக் கூறு போட வேண்டும். எல்லா விடயத்திலும் வாக்கு, அல்லது எதிலுமே இல்லை என்று இரண்டே வழிகள் இருப்பதுபோல விவாதம் போகிறது. ஜெர்மனியில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்தது. 1960களின் பிற்பகுதியில் எழுந்த மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு, பேராசிரியர், துணை ஆசிரியர், மாணவர், ஊழியர் என்று ஒவ்வொரு பிரிவினரும் பங்குபெறும் சபைகளை அங்குள்ள மாநிலங்கள் அமைத்தன. கீழ்ச் சாக்சனி மாநிலத்தின் அத்தகைய சட்டத்தை எதிர்த்துப் பேராசிரியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1973 மே 29 அன்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர் பங்கேற்பதே தவறு என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. அதே வேளையில், கற்பித்தல் சார்ந்த முடிவுகளில் பேராசிரியர்களுக்குக் குறைந்தது பாதி வாக்கு இருக்க வேண்டும் என்றும், ஆய்வு, பேராசிரியர் நியமனம் ஆகியவற்றில் அவர்களுடைய கையே ஓங்கியிருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. யாருக்கு எந்த விடயத்தில் அறிவும் பொறுப்பும் பாதிப்பும் இருக்கிறதோ அதற்கேற்ப வாக்கு என்பதே அதன் அடிப்படை.

அதே முறையில் உங்கள் மனுவை எழுதுங்கள். தனிநபர் ஒழுக்காற்று, பரீட்சை, ஆசிரியர் நியமனம் ஆகிய மூன்றும் எடுக்கப்படும்போது மாணவ உறுப்பினர் வெளியேற வேண்டும், அவற்றின் ஆவணங்களும் அவருக்கு அனுப்பப்படக் கூடாது என்று நீங்களாகவே முதலில் எழுதிவிடுங்கள். எதிர்ப்பவருடைய வலுவான வாதத்தை அவர் சொல்லும் முன்னரே ஏற்றுக்கொண்ட மனுவைப் புறந்தள்ளுவது கடினம். எஞ்சியிருப்பவை வரவு செலவு, கட்டடம், விடுதி, நூலகம், போக்குவரத்து, மாணவரைப் பற்றிய பொது விதிகள். உங்கள் மனு பிறந்ததே அந்த இடத்தில்தானே.

கட்சி அரசியல் பற்றி ஒரு சொல். தேர்தல் வைத்தால் கட்சி வரும் என்பதற்காக நியமனத்துக்குப் போனால் கட்சி போய்விடுமா? எங்கள் பக்கத்து மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். கேரளப் பல்கலைக்கழகத்தின் செனட்டுக்கு மானுடவியல், அறிவியல், நுண்கலை, விளையாட்டு ஆகியவற்றில் சிறந்த மாணவர் நால்வரை வேந்தர் நியமிக்கலாம். வேந்தராக இருந்த மாநில ஆளுநர், பல்கலைக்கழகம் அனுப்பிய பெயர்களை விட்டுவிட்டு வேறு நால்வரை நியமித்தார். கட்சிச் சார்பு என்ற குற்றச்சாட்டு எழுந்து, தெருப்போராட்டம் வரை போனது. 2024 மே மாதத்தில் கேரள உயர் நீதிமன்றம் அந்த நால்வருடைய நியமனத்தையும் நீக்கி, புதிதாக நியமிக்கும்படி உத்தரவிட்டது. தேர்தலில் வரும் கட்சிக்காரரை அடுத்த வருடம் வாக்களித்து இறக்கலாம், நியமனத்தில் வருபவரை இறக்க நீதிமன்றம் போக வேண்டியிருக்கிறது. விரிவுரையாளர் ஐயா பொறுத்தருள வேண்டும், பேரவையின் வெளி உறுப்பினர் நியமனங்களில் அரசியல் இல்லை என்று அவராலும் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.


பதில் 6
எழுதியவர்: விரிவுரையாளர் ஒருவர்

ஒழுக்காற்று ஆவணங்கள் அனுப்பப்படக் கூடாது என்பதை எழுத்தில் வைத்தால் என் முக்கியமான எதிர்ப்பு நீங்குகிறது. ஆனால் ஒன்றியத் தலைவரே தானாகப் பேரவைக்குப் போவதை நான் இன்னும் ஏற்கவில்லை. அந்த உறுப்பினரை மாணவர்கள் தனி வாக்கெடுப்பில் தெரிவு செய்யட்டும். பகிடிவதைக்குத் தண்டிக்கப்பட்டவர் போட்டியிட முடியாது என்றும் இருக்கட்டும். வெளி உறுப்பினர் பற்றிய குத்தலுக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை.


பதில் 7
எழுதியவர்: ஓய்வுபெற்ற உதவிப் பதிவாளர்

மகளே, இப்போது கோரிக்கை இரண்டாகப் பிரிந்துவிட்டது. அவற்றை ஒரே கடிதத்தில் போடாதீர்கள். சட்டத் திருத்தம் கேட்கும் மனு ஆணைக்குழுவுக்கும் உயர்கல்வி அமைச்சுக்கும் போக வேண்டியது. அதற்கு உங்கள் பல்கலைக்கழகம் மட்டும் போதாது, மற்றைய பல்கலைக்கழகங்களின் ஒன்றியங்களும் கையொப்பமிட வேண்டும், வருடங்கள் எடுக்கும். உங்கள் பேரவையால் இப்போதே செய்யக்கூடியவற்றைத் தனிக் கடிதமாக எழுதுங்கள். விடுதி விதிகள் மாறும்போது முன்கூட்டியே மாணவர் கருத்தைக் கேட்பது, விடுதிக் குழுவில் இருவரைச் சேர்ப்பது, முடிவெடுத்த மூன்று வேலை நாட்களுக்குள் அறிவிப்பது ஆகிய மூன்று மட்டும் அதில் இருக்கட்டும். நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் அந்த நான்காவதைப் பற்றியே பேசி மற்ற மூன்றையும் ஒத்திவைப்பார்கள். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடிதத்தைத் துணைவேந்தருக்கு முகவரியிட்டுப் பதிவாளர் ஊடாக அனுப்புங்கள். பேரவையின் செயலாளர் பதிவாளரே. கையளிக்கும்போது பிரதியொன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். கூட்டத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்னராவது கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அதற்கு முன்னர் பீடச் சபையில் வெறுமையாக இருக்கும் அந்த ஓர் இடத்துக்குத் தேர்தல் நடத்தும்படி உங்கள் பீடாதிபதியிடம் இன்றைக்கே கேளுங்கள்.


மூன்றாம் வருடத்தாள் எழுதுகிறார்

பீடாதிபதியைச் சந்தித்தோம். வேட்புமனு அறிவித்தல் திங்கட்கிழமை போடப்படும் என்றார். பேரவைக்கான கடிதம் இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது, மூன்று கோரிக்கைகள் மட்டும். நான்காவதாகப் பேருந்து நேரத்தையும் சேர்க்கச் சொல்லி ஒன்றியத்தில் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள்.